மூணாம் நம்பர் வந்தாச்சு

பிப்ரவரி 12

"அன்புள்ள" என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் நீங்கள் பேசியது மொத்தமே இரண்டு வாக்கியம். "நான் இங்கதான் இருக்கேன். கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டீர்கள். திருப்பி அந்த எண்ணுக்கு அடித்தால் விடுதிக்காரர் எடுத்து, "சார் கரைப் பக்கம் நடக்கப் போயிருக்காரும்மா, வந்தா சொல்றேன்" என்கிறார். ஒவ்வொரு தடவையும் நடக்கத்தான் போயிருக்கிறீர்கள். உங்கள் போன் இங்கே உங்கள் பையில் கிடந்து அணைந்துவிட்டது. அதனால்தான் அவரிடம் விலாசம் கேட்டு வாங்கி இந்தக் கடிதம்.

என் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பாப்பா போனதிலிருந்து நாம் எங்கேயும் போவதில்லை என்றுதான் குடியிருப்பில் எல்லாரும் சேர்ந்து நம்மை இந்த இரண்டு நாள் கடற்கரைப் பயணத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நம் செயலாளர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், கழுத்தில் விசில் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. வண்டி கிளம்பும்போதெல்லாம் வீட்டு நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார், வீட்டுக்கு ஒருவர் பதில் சொன்னால் போதும். எத்தனை தலை என்று எண்ண மாட்டார். ஞாயிறு மதியம் "மூணாம் நம்பர்?" என்றார். நான் முன் சீட்டில் எல்லாருக்கும் பிஸ்கட் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "வந்தாச்சு சார்" என்றேன். கடைசி சீட்டில் உங்கள் பையையும் அதன்மேல் துண்டையும் ஏறும்போதே பார்த்திருந்தேன்.

பாதி வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். ஏழாம் நம்பர் அக்காவிடம் உங்களுக்கு ஒரு டீ கொடுத்தனுப்பினேன். "காலை நீட்டப் போயிருப்பார், சீட்ல வச்சுட்டேன்" என்றார்கள். மறுபடி நம்பர் கூப்பிட்டார். மறுபடியும் நான் "வந்தாச்சு" என்றேன். வீட்டு வாசலில் பை இறங்கியது, ஆறிப்போன டீ இறங்கியது, நீங்கள் இறங்கவில்லை. சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். போலீஸுக்குச் சொல்லலாமா என்று செயலாளர் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உங்கள் போன் வந்தது.

எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன சொல்வேன்? "பழைய கிளாஸ்மேட் ஒருத்தர் அங்க கிளினிக் வச்சிருக்கார், பிடிச்சு உக்கார வச்சுட்டாராம்" என்று சொல்லிவிட்டேன். உங்கள் ஆஸ்பத்திரிக்கும் நானே போன் செய்து காய்ச்சல் என்றேன்.

ஏன் இப்படிச் செய்தீர்கள்? எப்போது வருகிறீர்கள்? மாற்றுச் சட்டைகூட இல்லாமல் அங்கே என்ன செய்கிறீர்கள்?

*

பிப்ரவரி 17

இவளே,

சட்டை இரண்டு வாங்கிக்கொண்டேன். ஒன்றில் கப்பல் படம் போட்டிருக்கிறது. வேறு அளவு இல்லை என்றார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். வண்டிக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. காலில் மணல் போகக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு கால் முடிந்து செருப்பு போட்டிருந்தேன். அப்போது செயலாளர் நம்பர் கூப்பிட ஆரம்பித்தார். ஜன்னல் எல்லாம் திறந்திருந்ததால் நன்றாகவே கேட்டது. "மூணாம் நம்பர்?" என்றார். "வந்தாச்சு சார்" என்று உன் குரல்.

நீ திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. நான் உள்ளே இருக்கிறேன் என்று நீ அவ்வளவு உறுதியாகச் சொன்ன பிறகு, வெளியே ஈரக் காலோடு நிற்பது யார் என்று எனக்கே கொஞ்சம் குழப்பமாகிவிட்டது. கதவை இழுத்துச் சாத்தினார்கள். கையை நீட்டினால் தட்டியிருக்கலாம், அவ்வளவு பக்கம். கை எழும்பவில்லை. கோபம் என்று நினைக்காதே. கோபம் வந்திருந்தால் தட்டியிருப்பேன். வண்டி புகையைக் கக்கிவிட்டுப் போனது. நான் இன்னொரு காலையும் கழுவிக்கொண்டேன்.

விடுதியில் அறை கொடுத்தார்கள். நாம் இருந்த அறை இல்லை, படிக்குக் கீழே உள்ளது. ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம் உள்ள ஒரு போர்வை. கடல் ஜன்னலில் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். கடல் பிரமாதமாக ஒன்றும் இல்லை. வருகிறது, போகிறது.

போனை அனுப்பாதே. போனில் நீ பேசுவாய், நான் "ம்" என்பேன். கடிதத்தில் வெறும் "ம்" எழுதி அனுப்ப முடியாது இல்லையா, அதனால் இதுவே இருக்கட்டும்.

நீ சொன்ன பொய் வீணாகவில்லை. கிளினிக் ஒன்று இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். பஸ் நிலையம் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. அங்கே எக்ஸ்ரே எடுக்கிற பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். இருபத்தாறு வருஷமாக நானும் அதைத்தான் செய்கிறேன் என்றேன். டாக்டரம்மா என் கப்பல் சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாளைக்கே வாங்க" என்றார்.

எப்போது வருவேன் என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை.

*

பிப்ரவரி 22

என்னங்க,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வரும் என்று நினைத்தேன், எரிச்சல்தான் வந்தது.

கை எழும்பவில்லையாம். வாயைத் திறந்து "ஏய், நான் இங்க இருக்கேன்" என்று ஒரு குரல் கொடுத்தால் முத்தா உதிர்ந்துவிடும்? நான் திரும்பிப் பார்க்கவில்லை என்பது பெரிய குற்றம். நீங்கள் குத்துக்கல் மாதிரி நின்றது குற்றம் இல்லை. நல்ல நியாயம்.

உங்களுக்கும் சேர்த்து நான் பதில் சொல்வது என்றைக்கு ஆரம்பித்தது என்று யோசித்துப் பாருங்கள். பாப்பா போன பிறகு எத்தனை வாரம் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள்? நீங்கள் பால்கனியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். மணி அடித்தால் யார் கதவைத் திறப்பது? செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள், "அவர் எப்படி இருக்கார்?" ஒரே கேள்வி, நூறு வாய். "தாங்கிக்கிட்டார்" என்றேன். வேறு என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா? தண்ணீர் வாரியத்தில் புகார் மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து உங்களுக்கும் சேர்த்துச் சொன்னேன். எனக்கு அது ஆசையா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை பேரில் ஒருத்தர்கூட என்னைப் பார்த்து, "நீ எப்படி இருக்கே?" என்று கேட்கவில்லை. பேசுகிறவள் நன்றாகத்தான் இருப்பாள் என்று எல்லாருக்கும் ஒரு எண்ணம்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். வீட்டுக்காரர் வந்தார். தம்பிக்கு வீடு வேண்டுமாம், ஆனால் நம்மைப் போ என்று சொல்ல மாட்டாராம். "இருக்கீங்களா, காலி பண்றீங்களா, மார்ச் இருபத்தஞ்சுக்குள்ள சொல்லுங்க" என்கிறார். என் அக்கா ஒரு வருஷமாகவே தன் ஊருக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறாள். மாடி காலியாக இருக்கிறது, அந்த ஊரிலும் எனக்கு மாறுதல் கிடைக்கும். பாப்பா அறையைத் தாண்டித்தான் நான் தினமும் சமையலறைக்குப் போக வேண்டியிருக்கிறது. போய்விடலாம் என்று ஒரு மனம், அந்த அறையை விட்டுவிட்டு எப்படி என்று ஒரு மனம்.

வழக்கமாக இருந்தால், "அவருக்கும் சம்மதம்தான்" என்று அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். இந்தத் தடவை, "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கேட்கிறேன். இருப்பதா, போவதா? போவதென்றால் நீங்களும் உண்டா, நான் மட்டுமா?

*

பிப்ரவரி 28

இவளே,

கேட்டிருந்தாய். மூன்று நாள் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்கள் இல்லையா. அப்போது கன்னத்தைத் தொட்டால் கன்னம் இருப்பது விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. பதினாலு மாதமாக எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது. காலையில் கிளினிக் போகிறேன். நெஞ்சைப் பலகையில் ஒட்டி நில்லுங்க, தோளைத் தளர விடுங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க. அடுத்த ஆள். சாயங்காலம் கரையில் நடக்கிறேன். நம்மைப் போல இரண்டு நாளுக்குக் கூட்டமாக வருகிறவர்கள் தினமும் வருகிறார்கள். ஒரே மாதிரி தொப்பி வாங்குகிறார்கள், அலையில் நின்று ஒரே மாதிரி படம் எடுக்கிறார்கள், கிளம்பும்போது ஒருவர் செருப்பைத் தேடுகிறார். நல்ல ஜனங்கள்தான். என்னைத் தொப்பிக் கடையைச் சேர்ந்தவன் என்று நினைத்து விலை கேட்கிறார்கள்.

பால்கனிக் கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது. நீ "தாங்கிக்கிட்டார்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கேட்டது. சரி, அப்படியானால் தாங்கிக்கொண்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வேறு மாதிரி இருப்பதற்கு எனக்கு வழி தெரியவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

வீட்டு விஷயத்தில் உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய். எனக்கு ஆட்சேபம் இல்லை.

*

மார்ச் 4

ஆட்சேபம் இல்லை. நல்லது. ஆபீஸில் கோப்பில் எழுதுவது மாதிரி எழுதிவிட்டீர்கள்.

எனக்குச் சரி என்று பட்டதைச் செய்கிறேன். அக்காவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி அத்தான் வண்டி கொண்டு வருகிறார். உங்கள் சாமான்களைத் தனியாகக் கட்டி வைக்கிறேன், எங்கே அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள்.

பாப்பா அறையில் நேற்று ஆரம்பித்தேன். முதலில் கட்டிலுக்கு அடியில் இருந்ததை எடுத்தேன். ஹாக்கி மட்டை, ஒரு முழங்கால் உறை மட்டும் (இன்னொன்றைக் காணவில்லை), பாதி பின்னிவிட்டு விட்ட மப்ளர், ஊசியோடு. ஊசியை உருவிவிட்டு மடிப்பதா, ஊசியோடு வைப்பதா என்று ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதற்கு யாரைக் கேட்பது? நீங்கள் பக்கத்தில் இருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் கேட்டிருப்பேன். கடைசியில் எதையும் பெட்டியில் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு செய்தி. இன்று உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். "இன்னும் காய்ச்சலா மேடம்?" என்றார்கள். "தெரியாதுங்க. அவருக்கே கடிதம் போட்டுக் கேளுங்க" என்று விலாசம் கொடுத்தேன். செயலாளர் படியில் மடக்கி, "நண்பர் இன்னும் விடலையா?" என்றார். "எனக்குத் தெரியாது சார், அவரையே கேளுங்க" என்றேன். பாவம், விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். ஏழாம் நம்பர் அக்கா காய்கறி வாங்கப் போனவர் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். குடியிருப்பு முழுக்க இப்போது நாம்தான் பேச்சு. பேசட்டும்.

உங்களுக்காகப் பதில் சொல்வதை இன்றோடு விட்டுவிட்டேன். வாய்க்கு ஓய்வாக இருக்கிறது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

*

மார்ச் 10

இவளே,

ஊசியோடு வை. உருவினால் பின்னல் பிரிந்துவிடும்.

நேற்று ஒன்று நடந்தது. எழுத வருமா என்று தெரியவில்லை, எழுதிப் பார்க்கிறேன்.

கிளினிக்குக் கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். இரண்டு நாள் சுற்றுலா. அலையில் ஆட்டம் போட்டு ஒருத்திக்கு நல்ல இருமல், தண்ணீர் நுரையீரலில் போயிருக்குமோ என்று பயந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். டாக்டரம்மா மார்புப் படம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்ணை நிறுத்தினேன். தோளைத் தளர விடச் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் போய், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த முதல் நாள், நீ ஆபீஸில் இருந்தாய். அவளை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். படமும் நானே எடுத்தேன். எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில் அவளிடமும், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "அப்பா, எனக்குப் போய் பிடிங்கவா? யாரோ பெரிய மனுஷி மாதிரி!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். படம் ஆடிப்போய்விட்டது. இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. "ஒழுங்கா நில்லு, பின்னாடி ஆள் நிக்கறாங்க" என்று அதட்டினேன். அதன் பிறகு அடக்கமாக நின்றாள்.

நாலாம் நாள் தீவிர சிகிச்சை வார்டுக்கு மிஷினைத் தள்ளிக்கொண்டு போனேன். வேறு ஆளை அனுப்புகிறோம் என்றார்கள். நானே போகிறேன் என்றேன். அப்போது அவளுடைய மூச்சைக் குழாய்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இழு, பிடி என்று சொல்ல வேண்டியதே இல்லை. ஆனாலும் சொன்னேன். "பாப்பா, மூச்சை இழுத்துப் பிடிடா" என்றேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பழக்கத்தில் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். படம் ஆடாமல் தெளிவாக வந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் உன்னிடம் சொன்னது சாயங்காலம்தான்.

நேற்று அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் "பிடிங்க" என்று சொன்னவன், "விடுங்க" என்று சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினேனா என்பதுகூட நினைவில்லை. அவள் சொன்னபடி பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறாள். கன்னம் உப்பி, முகம் சிவந்து, கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், விடலாமா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு அழுதேன். அந்தப் பெண் பயந்து, "சார், எனக்கு என்னமோ இருக்கா? படத்துல என்ன தெரியுது?" என்று அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் இல்லை, வெறும் சளி. அதை அவளிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. டாக்டரம்மா வந்து அவளுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, அறையைச் சாத்தி, என்னை முக்காலியில் உட்கார வைத்தார். வெளியே இருந்த நோயாளிகளைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார்.

இன்றைக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது. தலை வலிக்கிறது. வலிப்பது தெரிகிறது.

*

மார்ச் 14

அங்கே போயா அழுதீர்கள்?

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் கொடுத்தார். படியிலேயே உட்கார்ந்து படித்தேன். ஆபீஸ் போகவில்லை.

பதினாலு மாதம் அந்தப் பால்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் காத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அழுவார், நாளைக்கு அழுவார், அவர் அழுதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழலாம் என்று. நீங்கள் யாரோ ஒரு பெண்ணின் முன்னால், யாரோ ஒரு டாக்டரம்மாவின் முக்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது. இப்படிப் பொறாமைப்படுவது சரியா தப்பா என்று தெரியவில்லை. எரிகிறது.

அவள் சிரித்தாள் என்பதை எனக்கு ஏன் சொல்லவில்லை? முதல் நாள் அவ்வளவு காய்ச்சலிலும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள் என்று நீங்கள் மட்டும் வைத்துக்கொண்டிருந்தீர்களா? அவள் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது அதுவாகத்தான் இருக்கும். நான் வருவதற்குள் அவளுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எனக்கும் சொந்தம் இல்லையா? அந்த ஆடிப்போன படம் எங்கே? இருக்கிறதா, இல்லையா?

நான் அழுதிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. ஒரு நாள்கூட இல்லை. முதலில் வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அழ நேரம் கிடைக்கவில்லை. அவர்கள் வருவது நின்ற பிறகு அழ உட்கார்ந்தால் அழுகை வரவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது புகார் சொன்னால், எந்தத் தெரு, எத்தனை நாளாக என்று கேட்டு எழுதிக்கொள்வேன். என்னை அப்படிக் கேட்க ஆள் இல்லை.

உங்களை யாராவது கேட்டால் உடைந்துபோய்விடுவீர்கள் என்றுதான் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். நீங்களும் உடைந்து நானும் உடைந்தால் அந்த வீட்டில் கேஸ் அடுப்பை யார் அணைப்பது? மறுபடி அப்படி ஒன்று வந்தால் மறுபடியும் சொல்வேன். இதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஊசியோடுதான் வைத்திருக்கிறேன்.

வண்டி இருபத்தைந்தாம் தேதி வருகிறது. அத்தானிடம் வேண்டாம் என்று நானாகச் சொல்ல மாட்டேன்.

*

மார்ச் 18

இவளே,

அந்தப் படம் இல்லை. ஆடிய படத்தை அழித்துவிட்டு அடுத்ததை எடுப்பதுதான் எங்கள் வேலையில் முறை. கூட்டம் வேறு நின்றது. அவள் எதிரிலேயே அழித்தேன். "இருந்துட்டுப் போகட்டும்ப்பா, நல்லா விழுந்திருக்கேன்" என்று அவள்கூடச் சொன்னாள். கேட்கவில்லை. அவள் சிரித்தது எப்படி என்று என்னால் சொல்ல முடியும். நேரில் சொல்கிறேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்கிறேன்.

உன்னிடம் அழாமல் இங்கே அழுதது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வேண்டுமென்று செய்ததில்லை. அது இடம் பார்த்து வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். அந்த வீடு வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. பாப்பா அறையை நாம் இரண்டு பேருமாகப் போய்த் திறந்த பிறகுதான் தெரியும். ஆனால் நீ போகக் கூடாது. நான் இல்லாமல் போகக் கூடாது. அக்கா வீட்டுக்குத்தான் என்றால் நானும் வருகிறேன், மாடியோ கொட்டகையோ எனக்குக் கவலை இல்லை. எனக்கு நீ வேண்டும். இருபத்து மூன்று வருஷத்தில் இதை உன்னிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. உன் அத்தானுக்கு நானே போன் செய்து, வண்டி இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டார். வீட்டுக்காரரிடம் மட்டும் இன்னும் பேசவில்லை, அவர் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை.

அதைக் கேட்கத்தான் கிளினிக்கிலிருந்து செயலாளரைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் திரும்பி வருகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன், இங்கே டாக்டரம்மாவும் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார். செயலாளருக்கு என் குரல் தெரியவில்லை. மூணாம் நம்பர் என்றதும், "அட, நண்பர் விட்டுட்டாரா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். நண்பர் என்று யாரும் இல்லை, அன்றைக்கு வண்டிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன் என்று சொன்னேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். "தலையை எண்ணாம விட்டது என் தப்பு சார்" என்று ஆரம்பித்துவிட்டார். அவரைச் சமாதானம் செய்வதே பெரிய பாடாகிவிட்டது.

வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்துவிட்டு, வைப்பதற்கு முன்னால், "நீங்க கவலைப்படாம வாங்க சார். மேடம் நல்லா இருக்காங்க. அவங்க தைரியசாலி" என்றார்.

நான், "இல்ல சார், அவ நல்லா இல்ல. பதினாலு மாசமா நல்லா இல்ல" என்றேன்.

அவர் மெதுவாக, "எங்களுக்குத் தெரியாதே சார்" என்றார்.

உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். தப்பு என்றால், வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், வந்ததும் திட்டு.